கைடு ‘முடியாது’ என்றால் பிஎச்.டி. முடிந்துவிடுமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. பெயர், ஊர், துறை என்று ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், அறிவியல் துறை ஒன்றில் முழுநேர பிஎச்.டி. செய்கிறார். 2021 ஜனவரியில் பதிவு செய்தார். ஜே.ஆர்.எஃப். (நெட் தேர்வில் தேறியவர்களுக்கான ஆய்வு உதவி) கிடைத்திருந்ததால் ஐந்து ஆண்டுகள் உதவித்தொகை வந்தது, இப்போது நின்றுவிட்டது. ஆய்வக வேலை முடிந்து ஒன்றரை வருடமாகிறது. ஐந்து அத்தியாயங்களில் நான்கை எழுதிக் கைடின் (ஆய்வு நெறியாளரின்) மேசையில் வைத்திருக்கிறார். எப்போது கேட்டாலும் “பார்க்கிறேன்மா” என்பதுதான் பதில். இடையில் கைடு திருத்தவேண்டிய விடைத்தாள்களுக்கு மதிப்பெண் கூட்டுவது, அவர் மகளின் கல்லூரி அசைன்மென்ட்டை டைப் செய்வது போன்ற வேலைகள் மட்டும் தவறாமல் வருகின்றன. இவர் செய்த சோதனைகளை வைத்து வெளிவந்த பேப்பரில் முதல் பெயர் கைடின் உறவினரான இன்னொரு ஸ்காலருடையது. இவர் பெயர் இரண்டாவது. ஒரே ஒரு முறை அதைப் பற்றிக் கேட்டதற்கு, “ரெஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணிடுவேன், ஞாபகம் வச்சுக்கோ” என்றாராம். “ஆறு வருஷம் முடிஞ்சா அவ்வளவுதான்” என்கிறார் ஆராய்ச்சிப் பிரிவு ஊழியர். “வைவாவுக்கு ஒன்றரை லட்சம் தனியா எடுத்து வச்சுக்கோ” என்கிறார் சீனியர் (வைவா என்பது பட்டத்துக்கு முன் நடக்கும் வாய்மொழித் தேர்வு). கைடு 2027 மே மாதம் ஓய்வு பெறுகிறார். அப்பாவோ, “போதும்மா, விட்டுட்டு வந்துடு, வரன் பார்க்கலாம்” என்கிறார்.

வாசகியின் கேள்விகள்: நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? கைடை மாற்றலாமா? துணைவேந்தருக்குப் புகார் எழுதலாமா? அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். “சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, எழுந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.” நான் வழக்கறிஞர், மருத்துவர் இல்லை. ஆனாலும் இந்த வரியைத் தாண்டிச் சட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். முதலில் அதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் இரண்டு நாள் பொறுக்கும்.

இனி உங்கள் பயங்களுக்கு வருவோம்.

கேன்சல் செய்வது யார்?

உங்கள் கைடு இல்லை. நீங்கள் 2021இல் பதிவு செய்ததால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2016ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைகளின் கீழ் வருகிறீர்கள். அதன்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் (உங்கள் பல்கலைக்கழகத்தில் ‘டி.சி. மீட்டிங்’ என்பார்கள்) முன்னேற்றத்தை நீங்கள் விளக்க வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்றால் குழு அதற்கான காரணத்தைப் பதிவு செய்து, என்ன திருத்தம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதையும் நீங்கள் செய்யாவிட்டால்தான், குறிப்பான காரணங்களோடு ரத்து செய்யும்படி குழு பரிந்துரைக்கலாம். அதன் பிறகும் முடிவெடுப்பது பல்கலைக்கழகம். கோபத்தில் ஒருவர் சொல்லி நடக்கிற காரியம் இல்லை இது.

ஆனால் முடிச்சு எங்கே என்றால், அந்தக் குழுவைக் கூட்டுவதே கைடுதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு கூட்டம்தான் நடந்திருக்கிறது. மற்றவற்றுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து மட்டும் வாங்கி வந்திருக்கிறீர்கள். நிறைய துறைகளில் இப்படித்தான் நடக்கிறது, ஸ்காலர்களும் வேலை மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். கைடைத் தவிர வேறு ஆசிரியர்கள் உங்கள் வேலையை அதிகாரபூர்வமாகப் பார்க்கிற ஒரே இடம் அதுதான். கையெழுத்து வாங்கப் போகும்போது அதையும் நீங்களே மூடிவிடுகிறீர்கள். அடுத்த டி.சி. கூட்டம் நேரில், எல்லோரும் உட்கார்ந்து நடக்கவேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். நான்கு அத்தியாயங்களும் தயாராக இருக்கின்றன என்று அங்கே நீங்கள் சொல்வது நடவடிக்கைக் குறிப்பில் ஏறட்டும். விதிப்படி அந்த அறிக்கையின் நகல் உங்களுக்கு வரவேண்டும். வராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

ஆறு வருடக் கணக்கிலும் அந்த ஊழியர் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஆறு வருடம் என்பது பொது உச்சவரம்பு. பெண் ஸ்காலர்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதே 2016 விதிமுறை இன்னும் இரண்டு ஆண்டு தளர்வு தருகிறது. உங்கள் கணக்கில் அது 2029 ஜனவரி வரை போகும். ஆனால் தானாகக் கிடைத்துவிடும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் மனு, அதற்கான கட்டணம் எல்லாம் உரிய தேதிக்குள் போகவேண்டும். 2026 டிசம்பருக்கு முன்பே, டெஸ்பாட்ச் பிரிவில் சீல் வாங்கிய நகலோடு கொடுத்துவிடுங்கள். ஜன்னலில் வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

கைடு ‘மூன்று ஸ்கோபஸ் பேப்பர் இல்லாமல் சினாப்சிஸ் கிடையாது’ என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் பட்டியல், சினாப்சிஸ் என்பது தீசிஸுக்கு முன் கொடுக்கும் ஆய்வுச் சுருக்கம்.) 2016 விதிமுறை கேட்பது தரமதிப்பீட்டுக்கு உட்பட்ட ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு ஆய்வுரைகளும்தான். (2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறையில் கட்டுரைக் கட்டாயமே எடுக்கப்பட்டுவிட்டது. அது அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு.) உங்கள் பல்கலைக்கழகம் தன் விதிகளில் கூடுதலாக ஏதாவது வைத்திருக்கலாம். அந்தப் புத்தகத்தை வாங்கி, உங்கள் பதிவு ஆண்டுக்கு உரிய பதிப்பை வரி வரியாகப் படியுங்கள். அதில் ‘மூன்று’ என்று இல்லாவிட்டால் அது கைடின் ஆசை, விதி இல்லை.

அந்தப் பேப்பர்

“பெயர் வரிசைக்காகச் சண்டை போட்டால் சின்னத்தனமாகத் தெரியுமோ” என்று தயங்குகிறீர்கள். தெரியாது. பல பல்கலைக்கழகங்களில் ஸ்காலர் முதல் ஆசிரியராக இருக்கும் கட்டுரையைத்தான் சினாப்சிஸுக்குக் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் விதிப்புத்தகமும் அப்படிச் சொன்னால், அந்த ஒரு பெயர் மாற்றம் உங்கள் ஒரு வருடத்தைத் தின்றிருக்கிறது.

ஆய்விதழ் ஆசிரியருக்கு நேராக எழுதினால் நியாயம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதை இதழ்கள் தீர்மானிப்பதில்லை, உங்கள் நிறுவனத்திடமே கேட்கச் சொல்லிவிடுவார்கள். நிறுவனத்துக்குள் அதற்கு இடம் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி துறை அளவிலும் நிறுவன அளவிலும் குழுக்கள் இருக்கவேண்டும். அடுத்தவர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டுவதும் அந்த விதிமுறையின் வரையறைக்குள் வரும். ஆனால் என் கருத்து, இந்தப் புகாரை இப்போது கொடுக்காதீர்கள். ஆதாரத்தை மட்டும் பத்திரப்படுத்துங்கள். ஆய்வகக் குறிப்பேட்டின் பக்கங்களைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள் (குறிப்பேட்டையே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், அது துறையின் உடைமை என்று உங்கள்மேல் பழி வரும்). கருவிகளின் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து உள்ள பக்கங்கள், கைடுக்கு நீங்கள் அனுப்பிய முதல் வரைவின் மெயில், எல்லாவற்றையும் பல்கலைக்கழக மெயிலில் மட்டும் வைக்காமல் வெளியிலும் ஒரு பிரதி வையுங்கள். அடுத்த கட்டுரைக்கு, எழுதத் தொடங்கும் முன்பே எல்லா இணை ஆசிரியர்களுக்கும் ஒரே மெயிலில் பெயர் வரிசையை எழுதி அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும், நீங்கள் முன்கூட்டியே சொன்னீர்கள் என்பதற்கு அது சாட்சி.

ஓய்வு பெறுகிறார் என்பது நல்ல செய்தி

உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான தகவலை, நீங்கள் துக்கச் செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். 2027 மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். “அதற்குப் பிறகு நான் அநாதை” என்கிறீர்கள். எனக்கு அது உங்களுக்குத் திறக்கிற கதவாகத் தெரிகிறது.

கைடை மாற்றுவது என்றால் பெரும்பாலான இடங்களில் பழைய கைடின் ஆட்சேபணையின்மைக் கடிதம், புதிய கைடின் சம்மதம், அவரிடம் காலியிடம் ஆகிய மூன்றும் வேண்டும். பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு பிஎச்.டி. ஸ்காலர்கள்தான் உச்சவரம்பு. இடம் இருந்தாலும், அதே நடைபாதையில் தினம் முகம் பார்க்கிற சக ஆசிரியரின் ஸ்காலரை ‘எடுத்துக்கொள்ள’ எத்தனை பேர் முன்வருவார்கள்? துணிந்து வருகிறவர் தலைப்பை மாற்றச் சொல்லலாம், இன்னொரு சோதனை செய்யச் சொல்லலாம். நான்கு அத்தியாயம் முடித்த உங்களுக்கு அது நஷ்டம்.

இணை கைடு கேட்பது வேறு விஷயம். “ஐயா 2027 மே மாதம் ஓய்வு பெறவிருப்பதால், என் ஆய்வு தடைபடாமல் நிறைவடைய இணை நெறியாளர் ஒருவரை இப்போதே நியமிக்க வேண்டுகிறேன்” என்று எழுதினால் அதில் யாருக்கும் அவமானமில்லை. உங்கள் கைடே கூடக் கையெழுத்துப் போடக்கூடிய மனு அது. 2022 விதிமுறை, ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் பழைய ஸ்காலர்களுக்கு இணை நெறியாளராக மட்டுமே தொடரலாம் என்கிறது. அப்படியென்றால் முதன்மை நெறியாளராகப் பணியில் இருக்கும் ஒருவர் வந்தே ஆகவேண்டும். உங்களுக்குப் பழைய விதிமுறை பொருந்தினாலும், பல்கலைக்கழகம் இந்த ஏற்பாட்டை யோசித்தே ஆகவேண்டிய நிலையில் இருக்கிறது என்பதை மனுவில் சுட்டிக்காட்டலாம். டி.சி. குழுவில் உங்கள் வேலையை மதிக்கிறவர் என்று ஒரு பேராசிரியையைக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, முதலில் அவரிடம் பேசுங்கள். பேசும்போது கைடைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள், மீதி அவருக்கே தெரிந்திருக்கும்.

கைடைப் பகைக்காமல் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதிப்படி தீசிஸை மதிப்பிடுகிறவர்களில் அவரும் ஒருவர். வெளித் தேர்வாளர் பட்டியலுக்குப் பெயர் கொடுப்பதும் வழக்கமாக அவரே. நாளை நீங்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் போன் போவதும் அவருக்குத்தான். உரிமை உங்கள் பக்கம் முழுசாக இருந்தாலும், தீசிஸ் உள்ளே போகும்வரை நீங்கள் வேண்டிநிற்பது கையெழுத்து, தீர்ப்பு இல்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் ஒரு சிறு மெயில் அனுப்புங்கள்: “ஐயா, இன்று தாங்கள் கூறியபடி மூன்றாம் அத்தியாயத்தின் அட்டவணைகளைத் திருத்தி இணைத்துள்ளேன். நான்காம் அத்தியாயம் மார்ச் மாதத்திலிருந்து தங்கள் பார்வையில் உள்ளது. திருத்தங்களை எதிர்பார்க்கிறேன்.” இவ்வளவுதான். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண் வேண்டாம். அப்படி ஆறு மெயில் சேர்ந்தால், தாமதம் யாருடையது என்று எந்தக் குழுவுக்கும் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒன்றரை லட்சம்

இதில் மட்டும் எனக்கு மென்மையாகப் பேச வரவில்லை. வைவா அன்று துறை முழுவதுக்கும் கல்யாண வீடு மாதிரி விருந்து, தேர்வாளருக்குப் பட்டுச் சால்வை, கார், ஓட்டல் அறை, பிறகு ஒரு கவர். எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் இது கட்டணம் போல ஆகிவிட்டது. தேர்வாளரின் பயணப்படியும் மதிப்பூதியமும் பல்கலைக்கழகம் தரவேண்டியவை, தீசிஸ் சமர்ப்பிக்கும்போது நீங்கள் கட்டும் கட்டணம் அதற்கும் சேர்த்துத்தான்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் வரையறையில் பல்கலைக்கழக ஆசிரியரும் பொது ஊழியரே. பணம் கேட்டால் அது லஞ்சம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு: 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு, ஆனால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டு, பட்டம் வாங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு செல்லாது. இதுவரை உங்களிடம் யாரும் நேரடியாகக் கேட்கவில்லை, சீனியர் சொன்னதுதான். எனவே இப்போதைக்குச் செய்யவேண்டியது, அந்தப் பணத்துக்காக அம்மாவின் நகையை அடகு வைக்காமல் இருப்பது. கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையை அணுகுங்கள். டீயும் வடையும் மனமுவந்து வாங்கித் தருவதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை.

புகார் எங்கே?

நுகர்வோர் நீதிமன்றம் வேண்டாம். தேர்வு, பட்டம் போன்ற கடமைகளில் பல்கலைக்கழகம் ‘சேவை’ விற்கவில்லை என்று 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு நிற்காது, நேரமும் பணமும் போகும்.

இணை கைடு மனுவுக்கும் டி.சி. கூட்டக் கோரிக்கைக்கும் இரண்டு மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால், அப்போது மாணவர் குறைதீர் குழு. யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி அது கூடியவரை 15 வேலை நாட்களில் அறிக்கை தரவேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர் அலுவலரிடம் (‘ஆம்பட்ஸ்பர்சன்’ என்ற பெயரில் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும்) மேல்முறையீடு செய்யலாம். குழுவில் கைடின் நண்பர்கள்தானே இருப்பார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம், இருக்கலாம். அதனால்தான் முதலில் மெயில்கள், சீல் வைத்த நகல்கள், பிறகு புகார் என்று சொல்கிறேன். வெறுங்கையோடு போனால் “ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கோங்க” என்று அனுப்பிவிடுவார்கள்.

துணைவேந்தருக்கு நேரடியாக எழுதுவதால் பெரும்பாலும் அந்தக் கடிதமே விளக்கம் கேட்டுத் துறைத்தலைவர் வழியாகக் கைடின் மேசைக்கு வந்து சேரும். அதைக் கடைசிக்கு முந்தைய படியாக வையுங்கள். கடைசிப் படி உயர் நீதிமன்றம். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் ரிட் போடலாம். ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிமன்றம் பெரும்பாலும் “மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடு” என்றுதான் சொல்லும். தீசிஸைத் திருத்தித் தராது. பரிசீலிக்க ஒரு மனுவாவது முன்பே கொடுத்திருக்க வேண்டும், உங்களிடம் இன்றைய தேதியில் அது ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் டைப் செய்ய வீட்டுக்கு வரச் சொல்வதாக ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அதில் நீங்கள் எழுதாமல் விட்டது ஏதும் இல்லையென்றால் நல்லது, அந்த வேலையை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். இருந்தால், மேலே நான் சொன்ன நிதானம் எதுவும் அதற்குப் பொருந்தாது. பல்கலைக்கழகத்தின் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தொடர் நிகழ்வு என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். விட்டுவிடுவது தோல்வி இல்லை, அதையும் ஒரு வழியாகவே வையுங்கள். நெட் தகுதி (கல்லூரி ஆசிரியர் வேலைக்கானது) உங்கள் கையில் இருக்கிறது, அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் பதிவு செய்து இரண்டாம் ஆண்டில் இருக்கிறவருக்கு நான் சொல்வதும், ஓர் அத்தியாயம் மட்டும் பாக்கி உள்ளவருக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்காது. 2027 மே வரை பாருங்கள் என்பதே என் ஆலோசனை. மாதம் 42,000 ரூபாய் வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒன்றுமில்லை என்பது பெரிய பள்ளம்தான். முழுநேரப் பதிவில் இருந்துகொண்டு சொல்லாமல் தனியார் கல்லூரி வேலைக்குப் போனால் அதையே உங்களுக்கு எதிராக எடுப்பார்கள். பகுதிநேரமாக மாற்றிக்கொள்ள உங்கள் விதிகள் இடம் கொடுக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்து வேலைதானே மிச்சம், அது சாத்தியமான ஏற்பாடு.

அப்பாவிடம் சொல்லவும் ஒன்று இருக்கிறது. கல்யாணமா பிஎச்.டி.யா என்று அவர் கேட்பது, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று நினைப்பதால். பெண் ஸ்காலருக்கு ஆய்வுக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு விதியிலேயே உண்டு. திருமணமாகி வேறு ஊர் போனால் ஆய்வுத் தரவுகளோடு அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாறவும் வழி இருக்கிறது. ஆய்வு, கைடோ பல்கலைக்கழகமோ வெளியிலிருந்து நிதி பெற்ற திட்டத்தின் பகுதியாக இருக்கக்கூடாது, பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய நன்றி குறிப்பிட வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். வரன் பார்க்கட்டும், பார்க்கும் வீட்டில் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இந்த வாரத்துக்கு மூன்றே வேலைகள்: விதிப்புத்தகம், டி.சி. கூட்டம் கேட்டு ஒரு மெயில், அந்தப் பேராசிரியையிடம் அரை மணி நேரம். ஐந்தாம் அத்தியாயத்தைக் கைடின் பதிலுக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டே இருங்கள். ஆகஸ்ட் வரை அசைவில்லை என்றால் மெயில் நகல்களோடு மறுபடி எழுதுங்கள், குறைதீர் குழுவுக்கான மனுவை அப்போது சேர்ந்து பார்க்கலாம்.